ஆஸ்பத்திரிக்கு ஓர் ஒத்திகை

"சோத்தத் தின்னு. இல்லாட்டி டொக்டர் ஐயாகிட்டச் சொல்லி ஊசி போட்டுருவேன்!"

பதுளை மாவட்டத்தில், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் ராச்சாப்பாட்டு நேரத்துக்கு நடந்து பார்த்தால், ஏதாவது ஒரு காம்பராவிலிருந்து இந்த மிரட்டல் காதில் விழும். பூச்சாண்டிக்கு வேலை போய்விட்டது. அவன் இடத்தில் இப்போது ஊசி இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் இரண்டு வாய் தின்றுவிட்டுக் காலையில் இதை மறந்துவிடும். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அப்படி இல்லை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற மனசு அது. சோறு, கோபம், டொக்டர், ஊசி எல்லாம் ஒரே முடிச்சில் கட்டப்பட்டுவிடும். பிறகு ஒருநாள் கைப்பிடித்து டிஸ்பென்சரி ஏற்றத்தில் கூட்டிப் போனால், வெள்ளைச் சுவரைக் கண்டதும் பிள்ளை தரையில் விழுந்து புரளும். "இவன் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டான்" என்று வீடு முடிவு கட்டிவிடும். அதோடு அந்தப் பிள்ளையின் பல்லையும் காதையும் எடையையும் யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே பிள்ளையைத் தயார்படுத்துகிற வேலை ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. அது இந்த மிரட்டலை நிறுத்துவதில் தொடங்குகிறது. செலவு எதுவும் இல்லை. ஆனால் ஆத்தா, அப்பா, ஆயா, அடுத்த காம்பராச் சித்தி என்று எல்லாரும் நிறுத்த வேண்டும். அதுதான் கஷ்டம்.

காய்ச்சல் வந்தால் எப்படியும் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இங்கே சொல்ல வந்தது ஒன்றும் இல்லாத நாளில் போய்ப் பார்க்கிற பரிசோதனையைப் பற்றி: எடை, உயரம், பல், காது, கண், இரத்த அழுத்தம், டொக்டர் கேட்டால் ஒரு குழாய் இரத்தம். வலிக்கிற இடத்தைச் சொல்லத் தெரியாதவனுக்கு இதுதான் பெரிய காவல். சொத்தைப் பல்லின் வலி, தலையைச் சுவரில் மோதுகிற பழக்கமாக வெளியே வரலாம். பல நாள் மலச்சிக்கல், ராத்திரி முழுக்கத் தூங்காத கத்தலாக வரலாம். காதுக்குள் சீழ் இருந்தால் யாரையும் கிட்ட விடாமல் அடிப்பான். பார்க்கிறவர்கள் "அது அவனோட குணம்" என்று விட்டுவிடுகிறார்கள். டொக்டர்மாரிலும் அப்படி விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

விட்டதன் விலை என்ன என்று கணக்குப் பார்த்த நாடு ஸ்வீடன். கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 16 ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார்கள். அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருந்தவர்கள் இறந்தபோது சராசரி வயது 40 கூட இல்லை. நல்ல வைத்தியமும் நல்ல ரோடும் உள்ள ஊரிலேயே இந்தக் கதி. அதே 2016 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒலிவர் மெக்கோவன் என்ற 18 வயதுப் பையன் இறந்தான். ஓட்டிசமும் வலிப்பும் உள்ளவன். எந்த வகை மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனும் சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அந்த வகை மருந்தையே கொடுத்தார்கள். அவனுடைய தாய் ஓயாமல் போராடியதில், 2022 இன் சட்டம் அங்கே சுகாதாரத் துறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஓட்டிசம் பற்றிப் பயிற்சி பெற வேண்டும் என்று ஆக்கியது. அந்தப் பயிற்சிக்கு ஒலிவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இலங்கையில் ஓட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர்? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று கண்டது. சின்ன ஆய்வு, அதுவும் பட்டணத்தை ஒட்டிய பகுதியில் செய்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கோடு அது ஒத்துப்போகிறது. தெமோதரையைச் சுற்றியுள்ள டிவிஷன்களுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்க ஒரு காரணமும் இல்லை. இருக்கிறார்கள். "ஒரு மாதிரிப் புள்ள", "ஊமை", "கோளாறு" என்ற பெயர்களில் இருக்கிறார்கள். கையில் கறுப்புக் கயிறும் கழுத்தில் தாயத்தும் இருக்கும். கிளினிக் கொப்பி இருக்காது.

பேராசிரியர் பெரேராவின் இன்னொரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். கேள்வித்தாளை வாசித்து விடை போடத் தாய்மார் சிரமப்படுகிறார்கள் என்று கண்டு, ஓட்டிசத்தின் நடத்தைகளைப் படங்களாகக் காட்டி "உங்க புள்ள இப்பிடிச் செய்யுதா?" என்று கேட்கிற ஒரு முறையை அவர் குழுவினர் உருவாக்கினார்கள், 2017 இல் அதுபற்றி எழுதினார்கள். தாய்க்குப் படம் உதவும் என்றால் பிள்ளைக்கும் உதவும்.

ஒரு பையனை வைத்துக்கொள்வோம். கற்பனைப் பையன்தான், பெயர் வேண்டாம், தம்பி என்போம். ஒன்பது வயது. நாலைந்து சொல் பேசுவான். ரயில் பைத்தியம். இப்படியொரு பையன் பிறக்க உலகத்திலேயே வசதியான ஊர் தெமோதரை. எல்லவிலிருந்து வருகிற ரயில் ஸ்டேஷனில் நின்று, புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கிற சுரங்கத்துக்குள்ளே நுழைந்து போகும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தச் சரிவை எப்படி இறக்குவது என்று தெரியாமல் இஞ்சினியர்கள் முழித்தபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் காட்டினார் என்று இங்கே ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, எங்கள் ஆட்களுக்குப் பிடித்த கதை. 1924 இல் பாதை பதுளை வரை போய் முடிந்தது.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு ரயில்மேல் தனி மோகம் உண்டு. பாதை மாறாது, வரிசை மாறாது, அடுத்து என்ன வரும் என்று தெரியும். 'தோமஸ்' ரயில் கார்ட்டூனை எடுக்கிறவர்களுக்கும் இது தெரிந்து, 2022 இல் ஓட்டிசம் உள்ள புரூனோ என்ற ரயில் பெட்டியையே ஒரு பாத்திரமாகச் சேர்த்தார்கள். தம்பிக்கு ஆஸ்பத்திரியில் பிரச்சினை வலி மட்டுமல்ல. அடுத்து என்ன நடக்கும், எப்போது முடியும் என்ற இரண்டும் தெரியாததுதான் பெரிய பயம். அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்கும் ஒரு ரயில் பாதை போட்டுக் கொடுக்கலாம்.

பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி எடுங்கள். தெமோதரையிலிருந்து பதுளைக்கு உடுவர, ஹாலிஎல என்று ஸ்டேஷன்கள் வருவது தம்பிக்கு மனப்பாடம். அதே வரிசையில் அட்டைகளை ஒட்டுங்கள்: வீடு, பஸ், ஆஸ்பத்திரி கேட், வாங்கு, டொக்டர் மேசை, தராசு, ஊசி, பஸ், வீடு. கடைசி ஸ்டேஷன் வீடு என்பது அட்டையில் கட்டாயம் இருக்க வேண்டும். அதுதான் அவன் முதலில் தேடுவது. கையால் வரையத் தெரியாவிட்டால் போன் இருக்கிறது. வேறு வேலையாகப் பதுளைக்குப் போகிற மாமாவிடம் சொல்லி ஆஸ்பத்திரி கேட்டையும் காலியான வாங்கையும் படம் எடுத்துவரச் சொல்லலாம். மற்ற நோயாளிகளின் முகம் விழாமல் எடுக்க வேண்டும், உள்ளே எடுப்பதென்றால் கேட்டு எடுக்க வேண்டும். தராசு முடிந்ததும் தராசு அட்டையைப் பிய்த்துப் பையில் போடுவான். கையில் மீதி எத்தனை அட்டை என்பது அவனுக்குத் தெரியும். அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் 1970களிலிருந்து எரிக் ஷொப்ளரும் அவரோடு வேலை செய்தவர்களும் வளர்த்த படவரிசை முறைக்கும், கரோல் கிரே என்ற ஆசிரியை 1991 இல் தொடங்கிய சின்னக் கதை முறைக்கும் அடிப்படை இதுதான். அவர்களுக்கு லெமினேட்டிங் மெஷின் இருந்தது. நமக்குச் சோற்றுப் பசை போதும்.

அடுத்தது ஒத்திகை. பழைய சாரத்தைக் கிழித்து நாலாக மடித்துத் தம்பியின் மேற்கையில் சுற்றி மெல்ல இறுக்குங்கள். "இறுக்கும்... இன்னும் இறுக்கும்... விட்டுரும்." பிறகு தளர்த்துங்கள். முதலில் அக்காவின் கையில், பிறகு அம்மாவின் கையில், அவன் கையை நீட்டினால் அவன் கையில். நீட்டாவிட்டால் நாளைக்கு. இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டி ஒரு பிள்ளைக்கு உயிர் போகிற விஷயமாக இருக்கும். இன்னொரு பிள்ளைக்கு அந்த இறுக்கம்தான் பிடிக்கும். ஓட்டிசம் உள்ள பெண்மணியும் பேராசிரியருமான டெம்பிள் கிராண்டின், இளம் வயதில் தன் உடம்பைத் தானே இறுக்கிக்கொள்ள ஓர் இயந்திரமே செய்து வைத்திருந்தவர். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்பதை ஆஸ்பத்திரியில் கண்டுபிடிப்பதைவிட வீட்டில் கண்டுபிடிப்பது நல்லது.

வாய்க்குள் பார்க்க ஐஸ்கிரீம் குச்சி. கண்ணுக்கும் காதுக்கும் போன் டோர்ச். நெஞ்சில் வைக்கிற குழாய்க்குக் குளிர்ந்த எவர்சில்வர் கரண்டி. சில பிள்ளைகள் துள்ளுவது குழாய்க்கு இல்லை, அதன் குளிருக்கு. ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்டரைத் தோலில் வைத்துப் பாருங்கள். ஊசியைப் பொறுத்துக்கொண்டு பிளாஸ்டருக்குக் கத்துகிற பிள்ளைகளும் உண்டு. அப்படியென்றால் பஞ்சை அமுக்கிப் பிடித்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தராசுக்கு நம்மிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. கொழுந்து நிறுப்பதைத் தம்பி பிறந்ததிலிருந்து பார்க்கிறான். ஆனால் "அம்மாவோட கொழுந்த நிறுக்கிற மாதிரி ஒன்னையும் நிறுப்பாங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் ஆபத்து. தன்னையும் சாக்குக்குள் போட்டுக் கொக்கியில் தொங்கவிடுவார்கள் என்று அவன் நினைத்துக்கொள்வான். உவமையை உவமையாக எடுக்கிற ஆள் அவன் இல்லை. "தட்டுமேல ஏறி நிக்கணும். நம்பர் வரும். எறங்கணும்." இவ்வளவு போதும்.

பொய் மட்டும் வேண்டாம். "ஊசி இல்ல, சும்மா மாமா வீட்டுக்குப் போறோம்" என்று ஏற்றிக்கொண்டு போனால் அன்றைக்கு வேலை முடியும். அடுத்த முறை மாமா வீட்டுக்கும் வரமாட்டான். "வலிக்காது" என்பதும் பொய்தான். "குத்தும். பத்து எண்ணுவோம். முடிஞ்சிரும்" என்பது உண்மை. ஆனால் எண்ண ஆரம்பிப்பது ஊசி தோலில் படுகிற நேரத்தில் இருக்க வேண்டும். நேர்ஸ் நரம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எண்ணத் தொடங்கி, பத்து முடிந்த பிறகு குத்தினால், எண்ணிக்கைமேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை போய்விடும்.

இதையெல்லாம் எங்கே பழக்குவது? இந்த இடத்தில்தான் தோட்டத்துக்காரர்கள் பட்டணத்துக்காரர்களைவிட வசதியானவர்கள் என்று நான் நினைக்கிறேன். நம்மைப் பற்றி இப்படிச் சொல்ல எப்போதாவதுதான் வாய்க்கிறது. கொழும்பில் இருக்கிற தாய்க்கு ஒத்திகை பார்க்க ஓர் ஆஸ்பத்திரியைச் சும்மா கொடுக்கமாட்டார்கள். தோட்டத்தில் டிஸ்பென்சரி நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே இருக்கிற தோட்ட வைத்திய உதவியாளரை எல்லாரும் டொக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம். வருஷக்கணக்காக அதே ஆள், பிள்ளையின் அப்பனையும் பாட்டனையும் தெரிந்தவர். பிள்ளைக் காம்பராவுக்கும் லயத்துக்கும் வந்து போகிற மருத்துவிச்சிக்கு எந்த வீட்டில் எந்தப் பிள்ளை நடக்கப் பிந்தியது என்பது தெரியும். குறைகள் ஆயிரம். மருந்து இராது, சில தோட்டங்களில் டிஸ்பென்சரியே பூட்டிக் கிடக்கும். ஆனால் திறந்திருக்கிற இடத்தில், மருந்து இல்லாத டிஸ்பென்சரிகூட ஒத்திகைக்குப் போதும்.

போக வேண்டியது ஒன்றுமே நடக்காத நாட்களில். முதல் நாள் படி வரைக்கும் போய், ஒரு பிஸ்கட் தின்று, திரும்பிவிட வேண்டும். இன்னொரு நாள் வாங்கில் உட்கார்ந்து திரும்பிவிட வேண்டும். அடுத்து உள்ளே போய், டொக்டர் ஐயா அம்மாவின் நெஞ்சில் குழாய் வைப்பதை அவன் பார்க்க வேண்டும். பிறகு அவன் குழாயைத் தொட வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் கத்துவதற்கு முன் கிளம்பிவிடுவதுதான் சூட்சுமம். கத்திய பிறகு கிளம்பினால், கத்தினால் கிளம்பலாம் என்று படித்துக்கொள்வான். "ஐயா, இன்னைக்கு மருந்து வேணாம், புள்ளைக்குப் பழக்கம் காட்டத்தான் வந்தேன்" என்று கேட்டால் விரட்டுகிற டொக்டர் ஐயாவும் இருப்பார். ஆனால் நோயாளிகள் போன பிறகு, பத்து மணிக்கு மேல் வந்து கேட்டால் பெரும்பாலானவர்கள் நேரம் தருவார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது பதுளை. டொக்டர் இரத்தம் பார்க்கச் சொல்லிவிட்டார், பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதிகாலையில் எழும்பி, நம்பர் எடுத்து, வாங்கில் குந்தி, பெயர் கூப்பிடும்வரை காத்திருப்பதுதான் நமக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி. தம்பிக்கு அது டெட்டோல் மணம், டியூப் லைட்டின் இரைச்சல், பக்கத்து வாங்கில் இருமல், குழந்தைகளின் அழுகை, தோள் இடிக்கிற கூட்டம். நமக்குக் கேட்காத டியூப் லைட் அவனுக்குக் கேட்கும். டொக்டர் முன்னால் போய் நிற்கும்போது அவனுடைய பொறுமை ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும்.

ஆகவே காத்திருக்கிற நேரத்தை வெட்ட வேண்டும். இரண்டு பேர் போனால் ஒருவர் வரிசையில் நிற்கலாம், மற்றவர் தம்பியோடு வெளியே மரத்தடியில் இருக்கலாம். ஆனால் இரண்டு பேர் போவதென்றால் இரண்டு பேர் வேலையும் போகும். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாள் சம்பளமே 1350 ரூபாய்தான். ஒரு கிளினிக்குக்கு இரண்டு நாள் சம்பளமும் பஸ் காசும் என்று கணக்குப் போட்டால் எந்தக் குடும்பமும் "அடுத்த மாசம் பாப்பம்" என்றுதான் சொல்லும். தாய்க்கு அக்கறை இல்லை என்று ஆஸ்பத்திரியில் ஏசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் நம்பரோ கடைசி நம்பரோ கொடுத்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது மெஷின் வேண்டாம். துண்டு கொடுக்கிறவருக்கு ஓர் உத்தரவு போதும்.

பிறகு பாஷை. 1987 இன் 13ஆவது திருத்தம் தமிழை அரச கரும மொழியாக்கியது. கிளினிக் மேசைக்கு அது இன்னும் பல நாட்களில் வந்து சேர்வதில்லை. நாலைந்து தமிழ்ச் சொல் மட்டுமே பேசுகிற பிள்ளையிடம், முன்பின் தெரியாத ஒருவர் சிங்களத்தில் உட்காரச் சொன்னால் அவன் எப்படி உட்காருவான்? "சொல்வழி கேக்காத புள்ள" என்று பெயர் வாங்கிக்கொண்டு வருவான். எனக்குத் தோன்றும் வழி, வீட்டு ஒத்திகையிலேயே அந்தச் சொற்களைச் சேர்த்துவிடுவது. சாரத்துணியைக் கையில் சுற்றும்போது "அத்த திக் கரன்ன". ஐஸ்கிரீம் குச்சிக்கு "கட்ட அரின்ன". வாங்கில் உட்கார "வாடி வென்ன". சிங்களம் படித்த அண்ணனோ அக்காவோ எந்த லயத்திலும் ஒருவர் இருப்பார். வேற்றுக் குரலில் கேட்டுப் பழகுவதும் ஒத்திகையில் பாதி. இது பிள்ளையின் தலையில் நாட்டின் குறையைச் சுமத்துவது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். குறை தீரும்வரை இரத்தப் பரிசோதனை காத்திராது.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கம் முக்கியம். இங்கிலாந்தில் இதற்கென்றே அச்சடித்த படிவம் வைத்திருக்கிறார்கள். நாம் கையால் எழுதலாம். ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் அதே விஷயம் சிங்களத்தில். "எனக்கு ஓட்டிசம். பேச்சுக் குறைவு, காது கேட்கும். தொட முன் காட்டுங்கள். பின்னாலிருந்து தொட வேண்டாம். வலி என்றால் என் கையைக் கடிப்பேன். வலிப்புக்கு இந்த மருந்து குடிக்கிறேன். இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. பயந்தால் அம்மா என் தோளை அமுக்கினால் அடங்குவேன்." இவ்வளவுதான். நோயின் வரலாறு முழுக்க எழுதினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். நேர்ஸ் மிஸ்ஸி கொப்பியைத் திறந்ததும் கண்ணில் படுகிற அளவில் இருந்தால், "மிஸ்ஸி, கொஞ்சம் நேரம் குடுங்க" என்று கூட்டத்துக்கு நடுவில் கெஞ்ச வேண்டியதில்லை.

நாலு பேர் கைகாலைப் பிடித்து இரத்தம் எடுத்துவிடலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் வழமையான பரிசோதனைக்கு அது கெட்ட வியாபாரம். ஒரு குழாய் இரத்தத்துக்காகப் பத்து வருஷத்துப் பரிசோதனைகளை விற்கிறோம். அன்றைக்கு முடியாவிட்டால் எடையும் உயரமும் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் ஒரு பரிசோதனைதான். தூக்க மருந்து கொடுத்துக் கூட்டிவரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. டொக்டர் சொல்லாமல் ஒரு சொட்டும் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகாமலே பரிசோதனை பிள்ளையைத் தேடி வருகிற ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பாடசாலை வைத்தியப் பரிசோதனை. முதலாம், நாலாம், ஏழாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு பாடசாலைக்கே வந்து பார்க்கும்; 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலை என்றால் எல்லா வகுப்பையும் பார்க்கும். தோட்டப் பாடசாலைகளில் இப்படிச் சின்னவை நிறைய. தெரிந்த அறை, தெரிந்த டீச்சர், தெரிந்த பாஷை. நாள் எப்போது என்று டீச்சர் முதலே சொன்னால், அட்டை ஒட்டித் தம்பியைத் தயார்படுத்தலாம். வரிசையில் முதல் ஆளாக விடலாம். ஆனால் தம்பி பாடசாலைக்குப் போகிறானா? 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அனுப்பிவிட்ட பாடசாலைகளும், "கேலி செய்வாங்க" என்று நிறுத்திவிட்ட வீடுகளும் இருக்கின்றன. பெயர் இடாப்பில் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பரிசோதனையும் இல்லை. மிக வேண்டியவனை மிகக் கிட்டத்தில் வந்து தவறவிடுகிறோம். பரிசோதனை நாளில் அந்த டிவிஷனில் பாடசாலைக்கு வராத பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லி மருத்துவிச்சியிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பெயர்கள் அவருக்குத்தானே தெரியும்.

பெண்பிள்ளை என்றால் இன்னொரு பாடமும் உண்டு. "உன்ன யாரும் தொடக்கூடாது, உடுப்பக் கழட்டக்கூடாது" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்; கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் விதி என்றால் அவளுக்கு விதிதான். சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்க்க வந்த டொக்டரை அவள் கடித்தால், அவள் சொல்லிக் கொடுத்ததைச் செய்தாள் என்றுதான் அர்த்தம். விலக்கையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்: ஆஸ்பத்திரியில், அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நிற்கும்போது, என்ன செய்யப்போகிறார் என்று முதலில் சொல்லிவிட்டு, டொக்டர் பார்க்கலாம். அம்மா இல்லாவிட்டால் டொக்டரும் கூடாது. பெண் டொக்டரைக் கேட்கலாம், கிடைக்காவிட்டால் ஒரு மிஸ்ஸி கூட நிற்கச் சொல்லலாம். வயசுக்கு வந்த பிறகு சொல்வதைவிட அதற்கு முன்னாலேயே தொடங்குவது நல்லது.

தம்பி வளர்ந்துவிடுவான் என்பதைத்தான் நாம் எல்லாரும் மறக்கிறோம். ஓட்டிசம் என்றாலே சின்னப் பிள்ளையின் படத்தைத்தான் போடுகிறார்கள். பிள்ளைகள் கிளினிக்கின் வயது முடிந்ததும் அவனுக்கென்று ஒரு மேசையும் இல்லை. இங்கிலாந்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு 14 வயதிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் குடும்ப டொக்டரிடம் பரிசோதனைக்கு இடமுண்டு. இலங்கையிலும் ஒன்று இருக்கிறது: அரச ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் நடக்கிற ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி, பிரஷர், எடை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் இருக்கிறது. லயத்துக் காம்பராவுக்குள் வாலிபத்தைக் கழித்து, தேத்தண்ணியும் ரொட்டியும் மட்டுமே தின்று உடம்பு போட்ட 36 வயது ஆணை அங்கே யாராவது கூட்டிப்போயிருக்கிறார்களா? அவனுக்கும் சீனி வரும். வந்தால் அவனால் சொல்ல முடியாது.

அப்போது யார் கூட்டிப்போவது என்பதும் ஒரு கேள்வி. இப்போது எல்லாம் அம்மாவின் தலைக்குள் இருக்கிறது: எந்தப் பக்கக் கையில் ஊசி போட விடுவான், எந்த பஸ்ஸில் ஏறுவான், எந்தச் சொல்லுக்கு அடங்குவான். தோட்டத்து அம்மா கடன் தீர்க்கக் குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகலாம்; அவள் ஏறுகிற பிளேனில் இந்த அறிவும் ஏறிவிடும். மிஞ்சுவது அப்பாவும் ஆத்தாவும் அக்காவும். பாதையும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது பதுளை மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மலைநாட்டு ரயிலும் நின்றுபோனது. வழக்கமான பாதை இல்லாத நாளுக்குத் தம்பிக்கு வேறு அட்டை வேண்டும், அம்மா இல்லாத நாளுக்கு வேறு ஆளும் வேண்டும்.

அதனால் அடுத்த ஒத்திகைக்கு டிஸ்பென்சரி ஏற்றத்தில் அவனைக் கூட்டிப்போக வேண்டியது அக்காவோ அப்பாவோதான், அம்மா இல்லை. அம்மா வீட்டில் இருக்கட்டும். கொப்பியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் எங்கே கத்தினான், எங்கே சிரித்தான், டொக்டர் ஐயா என்ன சொன்னார் என்பதைத் தேதி போட்டு அவளையே இரண்டாம் பக்கத்தில் எழுதச் சொன்னால் போதும்.